ஈ.ஐ. பணம் உங்கள் ஊரில் எவ்வளவு: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை போன அன்று யாரும் சட்டம் படிப்பதில்லை, தெரிந்த ஒருவருக்குப் போன் எடுப்பார்கள். போனின் மறுபக்கத்தில் இருப்பது மொன்றியலிலோ எட்மன்டனிலோ இருக்கிற சித்தப்பா என்றால், அவர் தனக்கு ஈ.ஐ., அதாவது வேலை போனவருக்குக் கிடைக்கிற வேலைக் காப்புறுதிப் பணம், எத்தனை கிழமைக்கு எவ்வளவு வந்தது என்று சொல்லுவார், நீங்களும் அதையே மனதில் வைத்து வாடகைக் கணக்குப் போடுவீர்கள். பிறகு ஈ.ஐ. விண்ணப்பங்களைப் பார்க்கிற மத்திய அரசு அலுவலகமான சேர்விஸ் கனடாவின் முடிவு வரும், அதில் வேறு தொகை, வேறு வாரங்கள். எங்கோ பிழை நடந்துவிட்டது என்று பதறுவோம். பெரும்பாலும் பிழை எதுவும் இல்லை. சித்தப்பாவின் வட்டாரம் வேறு, உங்களுடையது வேறு.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். இரண்டு தடவை லே ஓஃப் ஆகி ஈ.ஐ. எடுத்திருக்கிறேன், அதன் பிறகு சொந்தக்காரர், அயலட்டை என்று பலருக்குப் பக்கத்தில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இந்த வட்டாரக் கணக்குத்தான். ஆறுதலாக வாசியுங்கள், பேஸ்லிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் இன்னும் நல்லது.

எது மாறாது, எது மாறும்

ஈ.ஐ. என்கிற வேலைக் காப்புறுதி மத்திய அரசின் ஒரே திட்டம். ஒன்ராறியோவுக்கு ஒரு சட்டம், அல்பேர்ட்டாவுக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. (கியூபெக் பிள்ளைப்பேற்று விடுப்பை மட்டும் தனியாக நடத்துகிறது, அதனால்தான் அங்கே சம்பளத்தில் வெட்டுகிற பிரீமியம் குறைவு: 2025 இல் காப்புறுதிக்குட்பட்ட 100 டொலருக்கு 1.31 டொலர், மற்ற மாகாணங்களில் 1.64 டொலர்.) எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் சராசரி வாரச் சம்பளத்தில் 55 சதவீதம்தான் தருவார்கள். உச்ச வரம்பும் நாடு முழுவதும் ஒன்றுதான், 2025 இல் வாரத்துக்கு 695 டொலர். இந்த வரம்பு ஒவ்வொரு ஜனவரியும் மாறும்.

மாறுவது மூன்று விஷயம். தகுதி பெற எத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், சராசரியைக் கணக்கிட உங்கள் சம்பளத்தை எத்தனை வாரத்தால் வகுப்பார்கள், மொத்தம் எத்தனை வாரம் பணம் வரும். இந்த மூன்றையும் முடிவு செய்வது உங்கள் வட்டாரத்தின் வேலையின்மை வீதம். வீதம் கூடிய இடத்தில் விதி இளகும், குறைந்த இடத்தில் இறுகும்.

முதலில் உங்கள் வட்டாரத்தைக் கண்டுபிடியுங்கள்

கனடாவை அறுபதுக்கும் மேற்பட்ட ஈ.ஐ. வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாகாண எல்லையை மட்டும் பார்த்துப் பிரித்ததல்ல. ரொறன்ரோ ஒரு வட்டாரம், ஒஷாவா இன்னொன்று. ஏஜக்ஸில் இருக்கிற நம்மாட்கள் ரொறன்ரோவோடு சேர்த்தி, அடுத்தாற்போல் விற்பியில் வீடு வாங்கிப் போனவர்கள் ஒஷாவாவோடு சேர்த்தி. ஒரே ஃபக்டரியில், ஒரே ஷிஃப்டில், ஒரே சம்பளத்துக்கு வேலை செய்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான பதில் வரலாம்.

கவனிக்க வேண்டியது, வேலை செய்த இடத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் வழக்கமாக வசிக்கிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். சேர்விஸ் கனடாவின் இணையத்தளத்தில் உங்கள் போஸ்டல் கோடைப் போட்டால் வட்டாரத்தின் பெயரும், இப்போதைய வீதமும், மேலே சொன்ன மூன்று எண்களும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். வீதத்தைக் கனடா புள்ளிவிபரத் திணைக்களத்தின் மூன்று மாதச் சராசரியை வைத்து மாதாமாதம் புதுப்பிப்பார்கள், ஆகையால் போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணைக்கு இருந்த எண் இன்று உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதி இளகிய ஊரில் இருக்கிற சொந்தக்காரரின் விலாசத்தைக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பொய்யான தகவல் என்று பிடிபட்டால் தகுதியில்லாமல் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு மேலே அபராதம், அடுத்த தடவை தகுதி பெறத் தேவையான மணித்தியாலமும் கூடும். உண்மையிலேயே வீடு மாறிப் போயிருந்தால் புது விலாசத்தைக் கொடுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை.

மணித்தியாலம் எண்ணுவது

வட்டாரத்தின் வீதம் 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே என்றால் 700 மணித்தியாலம் வேண்டும். 6.1 முதல் 7 வரை 665. 7.1 முதல் 8 வரை 630. இப்படி ஒவ்வொரு படிக்கும் 35 குறைந்துகொண்டே போய், 13 சதவீதத்தைத் தாண்டினால் 420 போதும்.

கடதாசியில் பார்க்கும்போது 700 க்கும் 420 க்கும் உள்ள தூரம் பெரிதாகத் தெரியாது. வாழ்க்கையில் பார்ப்போம். வாரம் 35 மணித்தியாலம் வேலை செய்கிறவருக்கு அது 20 வாரமும் 12 வாரமும். வாரம் 20 மணித்தியாலம் மட்டும் கிடைக்கிற ஒருவருக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எத்தனையோ தாய்மார் இந்தக் கணக்கில்தான் வருவார்கள், அது 35 வாரமும் 21 வாரமும். பெருநகரத்தில் பகுதிநேர வேலை செய்கிறவர்களை இந்த விதி மிகவும் வாட்டுகிறது. பிரீமியத்தை முதல் மணித்தியாலத்திலிருந்தே வெட்டுகிறார்கள், ஆபத்துக்கு உதவும் என்று பார்த்தால் மணித்தியாலம் போதாது என்ற பதில். இது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து.

எண்ணுவது விண்ணப்பத்துக்கு முந்திய 52 வாரங்களை. அதற்குள் ஏற்கெனவே ஒரு ஈ.ஐ. தொடங்கியிருந்தால் அந்தத் தொடக்கத்திலிருந்து மட்டும் எண்ணுவார்கள். கனடாவுக்கு வெளியே செய்த வேலை பொதுவாகச் சேராது, புதிதாக வந்தவர்கள் இதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்த இடத்தில் என் மச்சாளின் கதையைச் சொன்னால் விளங்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி, ஏஜென்சி மூலமாகப் பொதி கட்டுகிற வேலை அவளுக்கு, நத்தார் முடியுமுன்பே நிறுத்திவிட்டார்கள். ஆர்.ஓ.ஈ. என்கிற வேலைப் பதிவுத் தாள் வந்தது, 15ஏ கட்டத்தில் 640 மணித்தியாலம். அப்போது ரொறன்ரோவுக்கு 665 தேவை. 25 மணித்தியாலம் குறைவு, அழத் தொடங்கிவிட்டாள். நான் பேஸ்லிப் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன், கணக்கு 640 தான். அப்போதுதான் குசினிச் சுவரில் தொங்கிய மளிகைக் கடைக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் நீலப் பேனாவால் வேலைக்குப் போன நேரம், வந்த நேரம். ஆறு சனிக்கிழமைகளுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக "காசு" என்று எழுதியிருந்தாள். அந்த நாட்களுக்குக் கையில் பணமாகக் கொடுத்து, பேஸ்லிப்பில் போடாமல் விட்டிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 46 மணித்தியாலம்.

காசாகக் கொடுத்தாலும் அது காப்புறுதிக்குட்பட்ட வேலைதான், கணக்கில் காட்ட வேண்டிய கடமை முதலாளியுடையது. சேர்விஸ் கனடாவுக்கு விஷயத்தைச் சொன்னோம், கனடா வருவாய் முகவரகத்திடம் அந்த மணித்தியாலங்கள் சேருமா என்று தீர்ப்புக் கேட்கலாம் என்றார்கள், கேட்டோம். கலண்டரின் படங்கள், அந்த நாட்களில் கூட வேலை செய்த ஒரு பிள்ளையின் கடிதம், இரண்டையும் கொடுத்தோம். நாள் எடுத்தது, ஆனால் 686 என்று திருத்தி வந்தது, 15 வாரம் பணம் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமைக் காசுக்கு அவள் வரியும் பிரீமியமும் கட்ட வேண்டி வந்தது, அது சரிதானே, கட்டினாள். அதனால் சொல்கிறேன், முதல் நாளிலிருந்தே நேரத்தை எழுதி வையுங்கள். கலண்டர் என்றாலும் சரி, போன் என்றாலும் சரி.

தொகை எப்படி வருகிறது

இதை நிதானமாகப் பாருங்கள், சித்தப்பாவின் தொகைக்கும் உங்களுடையதற்கும் வித்தியாசம் வருவது இங்கேதான்.

52 வாரத்தில் நீங்கள் அதிகம் உழைத்த வாரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றின் சராசரியில் 55 சதவீதம் தருவார்கள். எத்தனை வாரத்தைப் பொறுக்குவது என்பதைத்தான் வட்டாரம் சொல்கிறது. வீதம் 6 அல்லது அதற்குக் கீழே உள்ள இடத்தில் 22 வாரம், 6.1 முதல் 7 வரை 21, படிப்படியாகக் குறைந்து 13 ஐத் தாண்டிய இடத்தில் 14 வாரம்.

ஒருவர் வருடத்தில் 14 வாரம் ஓவர்டைமோடு 1,100 டொலர் எடுத்தார், மிச்ச வாரங்களில் 600 டொலர் என்று வையுங்கள். 14 வாரம் எண்ணுகிற வட்டாரத்தில் அவருடைய சராசரி 1,100, ஈ.ஐ. 605 டொலர். அதே ஆள் 22 வாரம் எண்ணுகிற வட்டாரத்தில் இருந்தால், நல்ல 14 வாரத்தோடு 600 டொலர் வாரங்கள் எட்டும் சேரும், மொத்தம் 20,200, வகுத்தால் 918 சொச்சம், கையில் வருவது 505 டொலர். ஒரே உழைப்பு, வாரத்துக்கு 100 டொலர் வித்தியாசம்.

வருடம் முழுக்க ஒரே சம்பளம் எடுத்தவருக்கு 14 ஐ எண்ணினாலும் 22 ஐ எண்ணினாலும் சராசரி ஒன்றுதான், அவருக்கு வட்டாரத்தால் தொகை மாறாது. நல்ல வாரங்கள் எல்லாவற்றிலும் உச்ச வரம்புக்குரிய சம்பளத்துக்கு மேல் (2025 இல் 1,264 டொலர்) எடுத்தவருக்கும் மாறாது, எங்கிருந்தாலும் அவருக்கு உச்சத் தொகைதான், 2025 இல் அது 695. அடிபடுவது வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிற, ஏஜென்சி அழைத்தால் போகிற, ஒரு கிழமை நாற்பது மணித்தியாலமும் மறு கிழமை பதினாறும் கிடைக்கிற ஆட்கள். வந்த புதிதில் நம்மில் பலர் அப்படித்தான்.

புதியவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நீங்கள் 21 அல்லது 22 வாரம் வேலை செய்து முடிக்கவில்லை என்றாலும் அந்த எண்ணாலேயே வகுப்பார்கள். சித்திரையில் வந்திறங்கி, 16 வாரம், வாரம் 45 மணித்தியாலம், 900 டொலர் சம்பளம். மணித்தியாலம் 720, தகுதி உண்டு. மொத்தம் 14,400 டொலரை 16 ஆல் வகுத்து 495 வரும் என்று மனக்கணக்குப் போடுவீர்கள். ரொறன்ரோவில் 21 எண்ணுகிற மாதமாக இருந்தால் 21 ஆல்தான் வகுப்பார்கள், வருவது 377 டொலர் சொச்சம். கடிதம் வந்த பிறகு அதிர்ச்சி அடையாமல் இருக்க இதை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

எத்தனை வாரம்

14 முதல் 45 வாரம் வரை. உங்கள் மணித்தியாலத்தையும் வட்டார வீதத்தையும் ஒரு அட்டவணையில் சேர்த்துப் பார்ப்பார்கள். 6 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடத்தில் 700 மணித்தியாலம் செய்தவருக்கு 14 வாரம், அதே 700 ஐ 16 சதவீதத்துக்கு மேலே உள்ள இடத்தில் செய்தவருக்கு 36 வாரம்.

இதைக் கேட்டதும் நியூஃபவுண்ட்லாந்துக்காரருக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று ஆத்திரப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே கடலோரக் கிராமங்களில் மீன் பதனிடும் ஆலை வருடத்தில் சில மாதங்கள்தான் ஓடும், ஆலை மூடினால் நடந்து போகிற தூரத்தில் வேறு வேலை கிடையாது. 1992 இல் கொட் மீன்பிடியை நிறுத்தியபோது பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலை இழந்தன. 1986 ஆகஸ்டில் அகதிகளாக வந்து உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நம் தமிழர் 155 பேரைக் கரைசேர்க்க முதலில் வந்ததும் அந்தக் கடலின் மீனவர்கள்தான். அவர்களுக்குக் கிடைப்பதைக் குறைக்கச் சொல்லி எனக்குக் கேட்க வராது. ரொறன்ரோவின் பகுதிநேரக்காரருக்கும் கொஞ்சம் இளக்குங்கள் என்றுதான் கேட்பேன்.

அப்படி இளக்கியும் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2021 செப்டம்பரிலிருந்து ஒரு வருடம் நாடு முழுவதும் 420 மணித்தியாலம் போதும் என்று வைத்தார்கள். 2025 வசந்தத்தில் அமெரிக்கச் சுங்கவரியால் வேலைகள் ஆட்டம் கண்டபோது, ஒவ்வொரு வட்டாரத்தின் வீதத்திலும் ஒரு புள்ளியைக் கூட்டி, எதுவும் 7.1 க்குக் கீழே போகாதபடி தற்காலிகமாக மாற்றினார்கள், அதனால் எந்த ஊரிலும் 630 க்கு மேல் தேவைப்படவில்லை. நீங்கள் விண்ணப்பிக்கிற நாளில் இப்படி ஏதாவது நடைமுறையில் இருக்கிறதா என்று அந்தப் போஸ்டல் கோட் பக்கத்திலேயே பாருங்கள்.

விண்ணப்பம்

வேலை நின்ற உடனே போடுங்கள். நான்கு வாரத்தைத் தாண்டினால் பணத்தை இழக்க நேரிடும். ஆர்.ஓ.ஈ. கைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், எல்லோரும் செய்கிற பிழை இது. பெரும்பாலான முதலாளிகள் அதை நேரே சேர்விஸ் கனடாவுக்கு மின்வழியில் அனுப்பிவிடுவார்கள், உங்கள் கணக்கில் பார்க்கலாம். வந்தவுடன் மணித்தியாலத்தையும், 16 ஆவது கட்டத்தில் காரணத்தையும் பாருங்கள். வேலை இல்லாததால் நிறுத்தியது என்றால் "ஏ" என்று இருக்க வேண்டும். நீங்களாக விட்டதாக "ஈ" என்று போட்டிருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள், தகுந்த காரணமில்லாமல் வேலையை விட்டவருக்கு ஈ.ஐ. கிடையாது.

சின் என்கிற சமூகக் காப்புறுதி இலக்கம், வங்கி விபரம், கடந்த 52 வாரத்தில் வேலை செய்த எல்லா இடங்களின் பெயரும் விலாசமும் வேண்டும். சின் 9 இல் தொடங்குகிறவர்கள் வேலை அனுமதிப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். வழக்கமாக முதல் வாரத்துக்குப் பணம் வராது, அது காத்திருப்பு வாரம். பதிலுக்குச் சுமார் 28 நாள் பிடிக்கும், அந்த ஒரு மாத வாடகைக்கு முன்கூட்டியே வழி பாருங்கள்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும், விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். இடையில் சின்ன வேலை கிடைத்தால் செய்யுங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். பொதுவாக, உழைத்த ஒவ்வொரு டொலருக்கும் ஐம்பது சதம்தான் ஈ.ஐ. இலிருந்து கழிப்பார்கள், 200 டொலர் உழைத்தால் 100 கழியும். ஊருக்குப் போனால் அதையும் சொல்லுங்கள். கனடாவுக்கு வெளியே இருக்கிற நாட்களுக்குப் பொதுவாகப் பணம் இல்லை, நெருங்கிய உறவின் செத்தவீடு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் தொடர்ந்து 7 நாள் வரை விடுவார்கள்.

பிள்ளைகள் இருந்து, குடும்பத்தின் வருட நிகர வருமானம் 25,921 டொலரோ அதற்குக் குறைவோ என்றால் குடும்பக் கூடுதல் தொகை உண்டு, 55 சதவீதம் 80 வரை உயரலாம். ஈ.ஐ. க்கு வரி உண்டு, கழிக்கிற வரி சில வேளை போதாமல் போய் வசந்தத்தில் கட்ட வரும், கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

முடிவு பிழை என்று நினைத்தால்

கடிதம் கிடைத்த நாளை அதன் மேலேயே எழுதுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், செலவில்லை. வட்டாரம் சரியாகப் போட்டிருக்கிறார்களா, வகுத்த வாரம் சரியா, மணித்தியாலம் விடுபட்டதா, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வீடு மாறியவர்களுக்குப் பழைய போஸ்டல் கோடே கிடந்து வட்டாரம் மாறிப்போவது உண்டு, வாடகை ஒப்பந்தமோ ஹைட்ரோ (மின்சார) பில்லோ காட்டலாம். அதிலும் சரிவரவில்லை என்றால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் 30 நாள்தான். ஒன்ராறியோவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிற சமூகச் சட்ட நிலையங்கள் இருக்கின்றன, கடிதத்தையும் ஆர்.ஓ.ஈ. ஐயும் எடுத்துக்கொண்டு 30 நாள் முடியுமுன் போய்ப் பாருங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் பதியும்போதே சொல்லுங்கள்.